கையுறைக்கு மதிப்பெண் போடத் தெரியாதவர்கள்

கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பையன் நன்றாக விக்கெட் காக்கிறான் என்ற செய்தி ரொறன்ரோவையும் லண்டனையும் பாரிசையும் எட்டுவதற்கு இப்போது ஐந்து நிமிடம் போதும். எட்டிய பின் நடப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு சாரார் அவனைத் தோளில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். அடுத்த முரளி, அடுத்த சதாசிவம், குட்டிச் சங்கா என்று பட்டங்கள் பறக்கின்றன. மறு சாரார், தமிழன் என்பதால் அவனை மேலே வரவிடமாட்டார்கள் என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். இரு சாராரிடமும் ஒரேயொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பையன் விக்கெட் காப்பதில் எப்படி? பதில் வராது. "நல்லா அடிப்பான்" என்பார்கள்.

சாருஜன் சண்முகநாதனை முன்வைத்தே இதை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் கல்லூரியில் இருந்து வந்த விக்கெட் காப்புத் துடுப்பாட்டக்காரர். 2024 ஜனவரியில் தென்னாபிரிக்காவில் தொடங்கிய 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்துக்கான இலங்கைக் குழாமில் இடம்பெற்றார். அதே ஆண்டின் இறுதியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த இளையோர் ஆசியக் கிண்ணத்தில் நேபாளத்துக்கு எதிராகச் சதம் அடித்தார். இந்தியாவுக்கு எதிரான அரையிறுதியில் 42 ஓட்டங்கள் எடுத்தார். இவ்வளவையும் எவரும் ஒரு நிமிடத்தில் கணினியில் எடுத்துவிடலாம். ஆனால் அந்தத் தொடரில் சுழற்பந்துக்கு நெருங்கி நின்றபோது அவர் எத்தனை வாய்ப்புகளைப் பற்றினார், எத்தனையைத் தவறவிட்டார், கால்பக்கம் சறுக்கிப் போன பந்துகளை எப்படி எடுத்தார், ஐம்பதாவது ஓவரிலும் முதலாவது ஓவரின் கால்கள் அவருக்கு இருந்தனவா? இவற்றுக்கு எந்த ஓட்டப் பட்டியலிலும் இடமில்லை.

என் வாதம் இதுதான். விக்கெட் காப்பாளரின் வேலையை நாம் எழுதிவைப்பதில்லை. எழுதிவைக்காத காரணத்தால் அதை மதிப்பிடுவதுமில்லை. மதிப்பிடத் தெரியாத காரணத்தால், எழுதிவைத்திருக்கும் ஓட்டங்களைக் கொண்டு ஆளை நிறுத்துப் பார்க்கிறோம். மீன் கடைத் தராசில் துணி அளப்பது போன்ற வேலை இது. இதில் நசுங்குகிறவர்கள் பதினான்கிலிருந்து இருபது வயது வரையான பிள்ளைகள்.

ஒரு டெஸ்ட் நாளில் 90 ஓவர்கள். 540 பந்துகள். விக்கெட் காப்பாளர் 540 தடவை குந்தி எழுகிறார். அவற்றில் ஐந்நூறு பந்துகளில் அவருக்கு எதுவுமே நடக்காமல் போகலாம். நடக்கும் ஒன்று எப்போது வரும் என்பது தெரியாது. ஓட்டப் பட்டியலில் அவருக்கென்று இருப்பவை மூன்றே மூன்று: பிடி, ஸ்டம்பிங், 'பை' ஓட்டங்கள். தவறவிட்ட ஸ்டம்பிங் எங்கும் ஏறாது. கையுறையைத் தொடாமலே பறந்துபோன விளிம்புப் பிடியும் ஏறாது. ஆட்டமிழப்புகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால், அது பந்துவீச்சாளரைப் பற்றிச் சொல்வதே அதிகம். விளிம்பில் படும்படி வீசக்கூடிய இருவர் இருக்கும் பாடசாலையில் சாதாரணக் காப்பாளனும் பருவத்துக்கு நாற்பது பேரை வீழ்த்துவான். அப்படி எவரும் இல்லாத பாடசாலையில் திறமைசாலி பத்தோடு நிற்பான்.

கையின் திறமை வேறெங்கோ இருக்கிறது. பந்து தரையிலிருந்து எழும்போது அதனோடு சேர்ந்து எழ வேண்டும். முன்னதாக எழுந்துவிட்டவன் தாழ்வான பந்தை இழப்பான். பிடிக்கும் கணத்தில் கை பின்வாங்கிக் கொடுக்க வேண்டும். விறைத்த கையில் பந்து நிற்காது. கால் முந்த வேண்டும். கால் பிந்தியவன் பாய்ந்து விழுவான். அந்தப் பாய்ச்சலைப் பார்த்து நாம் கைதட்டுவோம்! கால் முந்தியவன் பாயாமலே எடுப்பான். அதை ஒருவரும் கவனிப்பதில்லை.

முரளிதரனின் 800 விக்கெட்டுகளைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிரே நின்றவர்களுக்கே புரியாத வீச்சு அது. அந்தப் பந்தைத் துடுப்பாட்டக்காரரின் உடம்பு பாதி மறைத்திருக்க, பின்னால் குந்தியிருந்த ஒருவர் ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு நாம் கொடுத்த மதிப்பைப் பிரசன்ன ஜயவர்தனவின் கதையில் பார்க்கலாம்.

பிரசன்ன பதின்ம வயதிலேயே, 1998இல், இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்துக்குத் தெரிவானவர். நாட்டின் மிகத் தூய கைகள் அவருடையவை என்பதில் அன்றைக்கே பெரிய கருத்து வேறுபாடு இருக்கவில்லை. 2000இல் முதல் டெஸ்ட் ஆடினார். பின்னர் ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார். குமார் சங்கக்கார அபாரமாகத் துடுப்பாடுகிறார், கையுறையையும் அவரே அணிந்துகொண்டால் இன்னொரு துடுப்பாட்டக்காரரைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. கேட்பதற்கு நியாயமான கணக்குத்தான்.

விளைவு என்ன? கையுறை அணிந்து ஆடிய 48 டெஸ்ட்களில் சங்கக்காரவின் சராசரி 40 சொச்சம். கையுறை இல்லாமல் ஆடிய 86 டெஸ்ட்களில் 66க்கு மேல். 2006 ஜூலையில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக மஹேலவும் அவரும் 624 ஓட்டங்களைச் சேர்த்தார்களே, சங்கக்கார 287 எடுத்தாரே, அந்த ஆட்டத்தில் விக்கெட் காத்தவர் பிரசன்ன. ஒரு துடுப்பாட்டக்காரரை மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்கு, உலகின் மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர் ஒருவரின் ஓட்டங்களைப் பல ஆண்டுகளாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. பிரசன்னவுக்கு அடிக்க வராது என்றவர்களுக்கு 2009இல் அகமதாபாத்தில் பதில் கிடைத்தது. மஹேலவோடு ஆறாவது விக்கெட்டுக்கு 351 ஓட்டங்கள். அன்றைக்கு அது உலக சாதனை. பிரசன்ன ஆட்டமிழக்காமல் 154. அப்போது அவருக்கு வயது முப்பது.

அவருக்கு முந்தியவர்களின் கதையும் வேறல்ல. 1985 செப்டெம்பரில் இந்தியாவை வென்று இலங்கை தன் முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. நடந்த இடம் பொரளையில் தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம். பாக்கியசோதி சரவணமுத்து என்ற தமிழரின் பெயரைத் தாங்கிய மைதானம். அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் கபில் தேவின் பந்தைத் தானே வீசித் தானே பிடித்த ருமேஷ் ரத்நாயக்கவைச் சொல்வார்கள். அதே ஆட்டத்தில் அமல் சில்வா 111 ஓட்டங்கள் எடுத்ததோடு ஒன்பது பேரை விக்கெட்டுக்குப் பின்னால் வீழ்த்தினார். ஒரே டெஸ்டில் சதமும் ஒன்பது ஆட்டமிழப்புகளும் அதற்கு முன் உலகில் எந்தக் காப்பாளரும் செய்யாதது. அவர் ஆடிய மொத்த டெஸ்ட்கள் ஒன்பது. புனித பெனடிக்ற் கல்லூரியின் பழைய மாணவரான ரஞ்சித் பெர்னாண்டோ 1975இல் முதலாவது உலகக் கிண்ணத்தில் இலங்கைக்கு விக்கெட் காத்தவர். இன்றைய தலைமுறை அவரை வர்ணனையாளராகவே அறியும்.

எதிர்த்தரப்பின் வாதம் எனக்குத் தெரியாததல்ல. 1999இல் இயன் ஹீலியின் இடத்துக்கு அடம் கில்கிறிஸ்ட் வந்ததோடு உலகம் மாறிவிட்டது. 96 டெஸ்ட்களில் 47க்கு மேற்பட்ட சராசரியோடு ஏழாம் இலக்கத்தில் ஒருவர் ஆடிய பின், வெறும் கையுறைக்காரருக்கு இடமில்லை. இருபது ஓவர் ஆட்டம் வந்தபின் அறவே இல்லை என்பார்கள். காப்பாளர் ஓட்டம் எடுக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கில்கிறிஸ்டின் பெயரைச் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஷேன் வோனின் பந்துக்கு நெருங்கி நின்று விக்கெட் காத்தவர் அவர். அந்த வேலையைச் செய்துகொண்டே அடித்தார். நம்மவர்கள் முதல் பாதியை உருவிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள்.

இந்த நோய் நமக்கு மட்டுமுரியதன்று. பென் போக்ஸ் 2018இல் காலியில் தன் முதல் டெஸ்டிலேயே 107 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய கைகளைப் போற்றாதவர் இங்கிலாந்தில் இல்லை. இருந்தும் உள்ளே வெளியே என்று அலைந்து, 2024இல் இன்னும் வேகமாக அடிக்கக்கூடிய ஜேமி ஸ்மித்துக்கு வழிவிட வேண்டியதாயிற்று.

இதே சிக்கலுக்கு ஆளாகி, ஓரளவு தீர்வும் கண்ட விளையாட்டு ஒன்று உண்டு. பேஸ்போல். இலங்கையிலும் அது ஆடப்படுகிறது. தியகமவில் ஜப்பானிய உதவியோடு மைதானமே கட்டியிருக்கிறார்கள். அங்கே நமது விக்கெட் காப்பாளருக்கு இணையானவர் கட்சர். முகமூடி அணிந்து, துடுப்பாட்டக்காரரின் பின்னால் குந்தியிருந்து, பந்தெறிபவருக்கு எதை எறிவதென்று விரலால் சைகை காட்டி, நடுவரின் கண்ணுக்கு முன்னால் பந்தை வாங்குகிறவர்.

அமெரிக்காவில் இளம் வீரர்களைத் தேடி ஊரூராய்த் திரியும் மதிப்பீட்டாளர்கள் ஒருவருக்கு ஒரே மதிப்பெண் போடுவதில்லை. 20இலிருந்து 80 வரையான அளவுகோலில், பந்தை அடிப்பதற்கு ஒன்று, அடியின் பலத்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று, களத்தடுப்புக்கு ஒன்று, எறியும் கைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். கட்சர் என்றால் பந்தை வாங்கும் விதம், தரையில் பட்டு வரும் பந்தை உடம்பால் மறிக்கும் விதம், பந்து கையில் விழுந்ததிலிருந்து இரண்டாம் தளத்தில் நிற்பவரின் கைக்குச் சேரும் நேரம் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். கடைசியதை நிறுத்தற் கடிகாரம் வைத்து அளக்கிறார்கள். இரண்டு விநாடிக்குக் கீழே வந்தால் நல்ல கை. அடிக்கத் தெரியாவிட்டால் அடிக்கும் பெட்டியில் குறைந்த மதிப்பெண் விழும். அந்தக் குறை கையின் மதிப்பெண்ணைத் தொடாது.

அப்படியிருந்தும் அவர்களுக்கு ஒன்று நெடுங்காலம் பிடிபடவில்லை. எல்லையோரமாக வரும் பந்தைக் கை ஆடாமல் அமைதியாக வாங்கினால் நடுவர் அதை நல்ல பந்து என்று சொல்லக்கூடும்; கையை இழுத்து வாங்கினால் தவறான பந்து என்பார். 2008 அளவில் எல்லா மைதானங்களிலும் பந்தின் பாதையைக் கமராக்கள் பதியத் தொடங்கிய பின்தான் இந்த வித்தை ஓர் ஆண்டில் எத்தனை ஓட்டங்களை மிச்சப்படுத்துகிறது என்று கணக்கிட முடிந்தது. உடனே என்ன நடந்தது? போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ஹொசே மொலினா, அடிப்பதில் சுமாரானவர், வயது 36. தம்பா பே அணி அவரை 2012ஆம் ஆண்டுப் பருவத்துக்குத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் செய்தது. கை அன்றும் அதே கைதான். அளக்கத் தெரிந்தவுடன் விலை ஏறியது.

அவர்களும் தவறுவார்கள். மைக் பியாசா 1988இல் 62ஆவது சுற்றில், ஏறக்குறைய ஒரு சலுகையாகத் தெரிவு செய்யப்பட்டவர். அவர் பின்னாளில் பேஸ்போலின் புகழ் மண்டபத்துக்கே போனார். பிள்ளைகளைப் பற்றிய எந்த மதிப்பீடும் பிழைக்கலாம். அளந்து பிழைத்தால் அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். அளக்காமல் பிழைத்தவனுக்குத் திருத்துவதற்கு எதுவும் கையில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு பாடசாலை ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம். இடக்கைச் சுழற்பந்து ஒன்று பிட்ச்சில் இருந்த கால்தடத்தில் பட்டுக் காலுக்கு வெளியே திரும்பியது. துடுப்பாட்டக்காரன் தவறவிட்டான். விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற மெலிந்த பையன் பந்தை எடுத்ததும் பெயில்ஸ் விழுந்ததும் ஒரே அசைவு. என் பக்கத்தில் நின்ற பொறுப்பாசிரியரிடம் சொன்னேன். "ஓம், கை இருக்கு. ஆனால் ஒன்பதாவதாகத்தானே ஆடுறான். அடுத்த வருசம் வேற ஆளைப் பார்க்க வேணும்" என்றார். அடுத்த பருவத்தில் அந்தப் பையனைக் காணவில்லை. அவனுடைய இடத்தில் நின்றவன் முதல் மணித்தியாலத்திலேயே இரண்டு ஸ்டம்பிங் வாய்ப்புகளைத் தவறவிட்டான். அவை இரண்டும் ஓட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. பிற்பகலில் அவன் எடுத்த 38 ஓட்டங்கள் ஏறின. பருவ முடிவில் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவருக்கு எந்தப் பையன் நல்லவனாகத் தெரிவான்?

இனி நம் வீடுகளுக்கு வருவோம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பின்னேரம் நடந்து பாருங்கள். ரியூசன் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் வரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கடக்கிறார்கள். அந்த ஒழுங்கை ஒன்றில் ஒரு தந்தை என்னைக் கேட்டார்: "அண்ணை, இவன் நாஷனல் ரீமுக்கு வருவானோ? இல்லாட்டி இப்பவே நிப்பாட்டிப்போட்டுப் படிக்க விடலாம்." பையனுக்குப் பதினான்கு வயது.

அந்தத் தந்தையை நான் பழிக்கமாட்டேன். 1983இல் கொழும்பில் எரிந்த வீடுகளிலிருந்து தமிழர் எடுத்துக்கொண்டு ஓட முடிந்த சொத்து படிப்பு ஒன்றுதான். அந்த நினைவு ஒரு தலைமுறையில் போகாது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் எவருமில்லை. பதினான்கு வயதுத் துடுப்பாட்டக்காரனைப் பற்றியே உறுதியாகச் சொல்வது கடினம். விக்கெட் காப்பாளனின் கை அதைவிடப் பிந்திப் பழுக்கும். பிரசன்ன டெஸ்ட் அணியில் ஊன்றி நின்றபோது இருபத்தாறு வயதைத் தாண்டியிருந்தார். சாதாரண தரப் பரீட்சையோடு கையுறையைக் கழற்றும் பிள்ளைகளில் எத்தனை நல்ல கைகள் போயின என்பதற்கும் கணக்கில்லை.

தமிழன் என்பதாலேயே ஒருவரைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்கும், தமிழன் என்பதாலேயே தடுக்கப்படுவார் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் தமிழருக்கு இழைக்கப்பட்ட அநீதியை எவரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் தொழிலின் பெரும்பகுதியை அதை எழுதியே கழித்திருக்கிறேன். ஆனால் சாருஜனின் குடும்பப் பெயரைப் பார்த்து அவரைப் புகழ்வதும், அதே பெயரைப் பார்த்து எவரேனும் அவரைக் கழிப்பதும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். இரண்டிலும் கையுறைக்கு இடமில்லை. நாளைக்கு அவர் தெரிவாகாமல் போனால், "இத்தனை வாய்ப்பில் இத்தனையைப் பற்றியவரை எதற்காக விட்டீர்கள்?" என்று தெரிவுக்குழுவை நிறுத்திக் கேட்க நம் கையில் ஏதாவது உண்டா? ஓட்டங்களைக் காட்டினால், அவரைவிட அதிகம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பார்கள். அநீதியை நிரூபிக்கவும் அளவு வேண்டும். முகநூலில் கொட்டும் கோபத்தை எந்தத் தெரிவுக்குழுவும் படிப்பதில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. பாடசாலை ஆட்டம் ஒவ்வொன்றிலும் அணியில் இடம் கிடைக்காத மாணவன் ஒருவன் பக்கவாட்டில் உட்காரட்டும். ஒரு கொப்பி, ஒரு பென்சில். வந்த பிடி வாய்ப்புகள், பற்றியவை, விட்டவை. வந்த ஸ்டம்பிங் வாய்ப்புகள், முடித்தவை, விட்டவை. நெருங்கி நின்றபோது போன 'பை', தள்ளி நின்றபோது போன 'பை'. கடைசி ஒரு மணித்தியாலத்தில் வந்த தவறுகளுக்குத் தனிக் கட்டம். ஒரு பிடியை விட்ட பின் அடுத்த ஆறு பந்துகளை எப்படி எடுத்தான் என்று ஒரு குறிப்பு. பயிற்றுநர்கள் துடுப்பாட்டத்துக்கு வேறாகவும் கையுறைக்கு வேறாகவும் மதிப்பெண் போடட்டும். வெளிநாட்டிலிருந்து கையுறையும் காற்காப்பும் வாங்கி அனுப்பும் பழைய மாணவர் சங்கங்கள் விக்கெட்டுக்கு நேரே பின்னால் நிறுத்த ஒரு கமராவும் அனுப்பட்டும். நம் விளையாட்டுப் பக்கங்கள் 'அபாரச் சதம்' என்று நான்கு பத்தி எழுதும் இடத்தில், விட்ட வாய்ப்புகளையும் எடுத்த வாய்ப்புகளையும் பற்றி ஒரு வரி சேர்க்கட்டும்.

சாருஜன் சண்முகநாதன் இலங்கைக்கு ஆடுவாரா? ஆட வேண்டும் என்பது என் விருப்பம். விருப்பம் மதிப்பீடாகாது. அவருக்குப் பின்னால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கையுறையை இறுக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கும் நம் விருப்பத்தால் பயனில்லை. அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். இரண்டு பருவம் எழுதுங்கள். அதன் பிறகு, யார் அடுத்த சங்கா, யாரை எவர் தடுத்தார்கள் என்றெல்லாம் தாராளமாகச் சண்டை பிடிக்கலாம். அப்போது கையில் எண்கள் இருக்கும்.